சிஸ்ட் தெரிகிறது, பிசிஆரில் வரவில்லை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. ஆய்வகம் ஓடத் தொடங்கியதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. நுண்ணோக்கியில் நான்கு உட்கருக்களோடு சிஸ்ட் (அமீபாவின் உறையிட்ட நிலை) தெரிந்த மல மாதிரிகள்கூட, டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆரில் 'இல்லை' என்று வருவதாக எழுதியிருந்தாய். அவசரப்பட்டு பிரைமரை (பெருக்க வேண்டிய பகுதியைக் குறிவைக்கும் குறுகிய டிஎன்ஏ துண்டை) மாற்றிவிடாதே. அது குறிவைக்கும் 18எஸ் மரபணு நல்ல தேர்வுதான். நோய் தரும் குடல் அமீபாவான எண்டமீபா ஹிஸ்டாலிட்டிகாவில் அது வட்ட டிஎன்ஏக்களில் இருப்பதால், ஒரு செல்லுக்கே ஏறத்தாழ 200 பிரதிகள் கிடைக்கும்.

முதல் சந்தேகம், அது ஹிஸ்டாலிட்டிகாதானா என்பது. அதன் நெருங்கிய உறவான எண்டமீபா டிஸ்பாரின் சிஸ்டும் அச்சு அசலாக அப்படியேதான் இருக்கும். 1993-இல்தான் இரண்டையும் தனித்தனி இனமாக முறைப்படி பிரித்தார்கள். சிஸ்ட் 10 மைக்ரானுக்குச் சிறியதென்றால் அது ஹார்ட்மானி என்ற இன்னொரு எண்டமீபா. ஆகவே டிஸ்பார் பிரைமரையும் கூடவே ஓட்டு. டிஸ்பார் நோய் தராது; அதற்காக ஒருவர் மெட்ரோனிடசோல் மருந்தை விழுங்குவது எனக்கு மனது கேட்பதில்லை.

அதிலும் வரவில்லையென்றால், மாதிரி எதில் வந்தது என்று பார். ஃபார்மலின் என்றால் ஒதுக்கிவை. அது டிஎன்ஏவைப் புரதத்தோடு பிணைத்துத் துண்டாக்கிவிடும். எழுபது சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் வாங்கு, இல்லையேல் உறையவைத்து வாங்கு. எத்தனாலை நன்றாகக் கழுவி நீக்கிவிட்டு, 200 மில்லிகிராம் எடுத்து, கண்ணாடி மணிகளோடு குலுக்கு. சிஸ்டின் சுவர் கைட்டின். வெறும் கரைசலுக்கு எளிதில் உடையாது.

பெரும்பாலும் ஆளைக் கவிழ்ப்பது இனிமேல் வருவதுதான். மலத்திலுள்ள பித்த உப்புகளும் சிக்கலான சர்க்கரைகளும் டிஎன்ஏவோடு சேர்ந்தே வந்து, அதைப் பெருக்கும் பாலிமரேஸ் நொதியை முடக்கும். பிரித்தெடுக்கும் முன்பே ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவு அந்நிய டிஎன்ஏ சேர். அது வராத குழாயில் 'இல்லை' என்பது முடிவே இல்லை. அப்படிப்பட்டதைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டு. தடை இல்லாவிட்டால் சிடி மதிப்பு (பெருகிய டிஎன்ஏ முதலில் தெரியவரும் சுற்று) சுமார் 3.3 சுற்று தள்ளிப்போக வேண்டும். அதைவிட முன்னால் வந்தால் தடைதான் காரணம். மாட்டு சீரம் ஆல்புமினும் கொஞ்சம் உதவும்.

நெஸ்டட் பிசிஆர் (முதல் சுற்றில் பெருகியதை வேறு பிரைமர்களால் மறுபடி பெருக்குவது) பற்றிக் கேட்டிருந்தாய். முதல் சுற்றுக் குழாயைத் திறக்கிற கணமே பெருகிய டிஎன்ஏ அறையெங்கும் பரவும். தனி அறையும் தனி பிப்பெட்டும் இல்லாமல் அதைத் தொடாதே. எதைச் செய்தாலும், வெறும் தண்ணீரையும் மற்ற மாதிரிகளைப் போலவே பிரித்தெடுப்பிலிருந்து கூடவே ஓட்டு.

அந்நிய டிஎன்ஏவின் சிடி மதிப்புகளை எழுதி அனுப்பு.

அன்புடன்,
ரகு