வாங்கித் தராததற்கு ஒரு நன்றி

விளவங்கோடு வட்டம்
ஜனவரி 7

எங்கள் விளையை (தோப்பை) சுற்றியுள்ள அயலாருக்கும், களியக்காவிளைச் சந்தையில் எங்களைத் தெரிந்தவர்களுக்கும், எல்லைக்கு அந்தப்புறம் பாறசாலையில் இருக்கும் அத்தை வீட்டாருக்கும், எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம் சொல்லிப் பழகாதவர்களுக்கு வணக்கம்.

நேரில் ஒவ்வொரு வீடாக வந்து சொல்லியிருக்க வேண்டும். அண்டி ஆபீஸில் (முந்திரிப் பருப்பு ஆலையில்) வேலை முடிந்து வீடு திரும்பவே இருட்டிவிடுகிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த ஒரே கடிதம்.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். என் கணவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியற்காலை நான்கு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். ஐப்பசியில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், பாசி பிடித்த கையாலைச் சுவரில் கால் வைத்துச் சறுக்கி விழுந்தார். கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. தகடு வைத்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பியபோது, மகளின் மேற்படிப்புக்கென்று பிடித்து வைத்திருந்த சீட்டுப் பணம் முழுவதும் கரைந்திருந்தது. ஏற்கெனவே மழைக்காலத்தில் பால்வெட்டு பாதி நாள்தான் நடக்கும். இனி அந்தப் பாதியும் இல்லை என்றாகிவிட்டது.

நவம்பர் கடைசியில் பிள்ளைகள் மூவரையும் உட்கார வைத்து, இந்தக் கிறிஸ்மஸுக்குப் புத்தாடை இல்லை, கடையில் வாங்கும் கேக் இல்லை, வாங்கித் தருகிற பரிசும் இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது குரல் உடையாமல் இருக்க வேண்டும் என்று காலையிலிருந்தே ஒத்திகை பார்த்திருந்தேன். மாமியார்தான் காரியத்தைக் கெடுத்தார். "எங்கள் காலத்தில் யார் எதை வாங்கினார்கள்? சுவருக்கு வெள்ளை அடிப்போம், முந்திரிக்கொத்து சுடுவோம், வந்தவனுக்கெல்லாம் கொடுப்போம். இதற்கு ஏன் இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். என் ஒத்திகை வீணானது.

சிக்கனக் கிறிஸ்மஸ் எங்களுக்குப் புதிதல்ல. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது நாங்கள் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்திருந்த விளையில் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் படுத்துக்கிடந்தன. கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. அந்த டிசம்பரில் நட்சத்திரம் கட்ட எங்கள் வீட்டில் யாருக்கும் கை வரவில்லை. அது துக்கத்தில் வந்த சிக்கனம். இந்த ஆண்டு நாங்கள் செய்தது, கையில் காசில்லாவிட்டாலும் கொண்டாடியே தீருவது என்ற பிடிவாதத்தில் செய்தது.

முதல் நன்றி வளைகுடாவில் இருக்கும் என் அண்ணனுக்கு. செய்தி கேட்டதும் 20,000 ரூபாய் அனுப்புகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவரிடம் வாங்கியதையே நான் இன்னும் திருப்பவில்லை. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை அவர். மயினிதான் (அண்ணன் மனைவி) இடையில் புகுந்து, பணம் தர வேண்டாம், உங்களுக்குத் தெரிந்ததைக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு இரவு எட்டரைக்கு, தங்கும் அறையில் மற்றவர்கள் சமைக்கும் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, கைப்பேசி வழியாக என் மகனுக்கு நட்சத்திரம் கட்டக் கற்றுக்கொடுத்தார். தினமும் அரை மணி நேரம், பதினொரு நாள்.

மூங்கிலைச் சிம்பு சிம்பாகக் கீறி, ஐந்து முனை நட்சத்திரம் இரண்டு கட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து முனைகளை மட்டும் நூலால் இறுக்க வேண்டும். பிறகு உள்மூலைகள் ஐந்திலும் விரல் நீளக் குச்சியை முட்டுக் கொடுத்தால் நடு வயிறு உப்பிக்கொண்டு வரும். அதற்குள்தான் பல்பு தொங்கும். ஒட்டுவதற்கு மரச்சீனி (மரவள்ளி) மாவுப் பசை, பூச்சி அரிக்காமல் இருக்க அதில் ஒரு சிட்டிகை துருசு (மயில்துத்தம்). இத்தனையும் அண்ணன் சிறுவனாக இருந்தபோது எங்கள் அப்பாவிடம் கற்றது. எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை, நான் பெண்பிள்ளை. என் மகன் கட்டிய முதல் நட்சத்திரம் முட்டு கொடுக்கும்போதே படாரென்று பிரிந்தது. இரண்டாவதில் ஒரு கை மட்டும் குட்டை. அதைத்தான் தொங்கவிட்டோம். திரையில் அதைப் பார்த்த அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "குட்டையாக இருக்கிற கை தெற்குப் பக்கம் வரட்டும், தெருவில் இருந்து தெரியாது" என்றார்.

இரண்டாவது நன்றி மேட்டு வீட்டுச் சின்னம்மைக்கு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த லேஸ் பின்னல், தலைமுறை தலைமுறையாகக் கைமாறி, சின்னம்மையின் அலமாரியில் ஒரு திண்டாக மிஞ்சியிருக்கிறது. அந்தக் காலத்தில் அடிமைப் பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த கூலியைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று சின்னம்மை அடிக்கடி சொல்வார். எங்கள் வீட்டில் நூல் கட்டையைத் தொட்டவர் யாரும் இல்லை. மாமியாருக்கு ஒரு கைக்குட்டைக்கு ஓரம் பின்னிக் கொடுக்க வேண்டும் என்று நான்தான் ஆசைப்பட்டுப் போனேன்.

திண்டின் மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை இடம் வலம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். நாலாவது மாற்றுக்குள் வெள்ளை நூலில் என் விரல் பட்ட இடமெல்லாம் பழுப்பேறிவிட்டது. அண்டியின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பதினேழு ஆண்டுகளாக என் நகக்கண்களில் இருக்கிறது. சாம்பலுக்கும் போகாது, சோப்புக்கும் போகாது. நான் கையை மடியில் ஒளித்துக்கொண்டேன். சின்னம்மை அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "உனக்குப் பொறுமை போதாது, மகளை அனுப்பு" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். மூன்று வாரம், பள்ளி விட்டதும் மகள் அங்கே போனாள். கைக்குட்டையின் நாலு ஓரத்தில் மூன்று முடிந்தன, நாலாவது முடியவில்லை. மாமியார் அதை ஆலயத்துக்குக் கொண்டுபோய், முடிந்த மூன்று ஓரமும் தெரிகிற மாதிரி மடித்துக் கையில் வைத்திருந்தார். சின்னம்மே, எனக்குப் பொறுமை உண்டு என்பது உங்களுக்கும் தெரியும். அந்தப் பொய்க்குத்தான் இந்த நன்றி.

களியக்காவிளையில் தையல்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒரு சாக்கு நிறைய வெட்டுத்துணி தந்தார். மிஞ்சுவதைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று கறாராகச் சொன்னார். நாத்தனார் பிள்ளைகளுக்கு ஐந்து தோள்பை தைத்தோம். மிச்சத்தைத் திருப்பியும் தந்தாயிற்று.

பனையேறும் பாட்டா குருத்தோலை இரண்டு வெட்டித் தந்தார். மூன்றாவது கேட்டதற்கு, "மரத்தைக் கொன்றுவிட்டு என்ன கிறிஸ்மஸ்?" என்றார். மாமியார் ஓலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, வார்ந்து, தண்ணீர் தெளித்துப் பதமாக்கிப் பதினொரு சிறு பெட்டிகள் முடைந்தார். அவற்றில் நிறைந்தது முந்திரிக்கொத்து.

அண்டிப்பருப்பு உடைக்கிறவள் வீட்டு முந்திரிக்கொத்தில் முந்திரியே இல்லையா என்று கேட்கிற வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: அது கொடிமுந்திரி, திராட்சை. மூன்று உருண்டைகள் ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்துப் போல இருப்பதால் அந்தப் பெயர். சிறுபயறை வறுத்து, தோல் புடைத்து, கரகரப்பாகத் திரித்து, வறுத்த தேங்காய், எள், ஏலம், சுக்கு சேர்த்துக் கருப்பட்டிப் பாகில் உருட்ட வேண்டும். பாகு இளகினால் உருண்டை நிற்காது, முறுகினால் பல் நிற்காது. கிழக்கு வீட்டு அக்காதான் பாகுப் பதம் பார்த்தவர். அவர்கள் வீட்டிலிருந்து தீபாவளிப் பலகாரம் வருவதும் எங்கள் வீட்டிலிருந்து கிறிஸ்மஸ் பலகாரம் போவதும் என் மாமியார் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நடக்கிறது. இந்த ஆண்டு தன் வீட்டுக்குப் போகப்போகும் பலகாரத்துக்குத் தானே பாகு காய்ச்சினார் அக்கா. அரிசிமாவில் மஞ்சள் கலந்த கரைசலில் முக்கி, மூன்று மூன்றாக எண்ணெயில் விட்டு, முதல் கொத்தை எடுத்து யாருக்கும் தராமல் தானே தின்றுவிட்டு, "பரவாயில்லை" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

மணல் கொட்டிய சட்டியில் கேக் சுட்டதும் நடந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கோழிகள் தின்றன.

என் கணவருக்கும் இங்கேதான் நன்றி சொல்ல வேண்டும், வீட்டில் வைத்துச் சொன்னால் எழுந்து போய்விடுவார். இப்போது ஊன்றுகோல் வந்துவிட்டதால் போகவும் முடிகிறது. பால் பிடிக்க வைத்திருந்த பழைய சிரட்டைகளைக் கட்டிலில் கிடந்தபடியே உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினார். ஒட்டியிருந்த பால்தோலை உரித்து, உப்புத்தாள் தேய்த்து, தேங்காயெண்ணெய் தடவினால் சிரட்டை கருங்கல் மாதிரி மின்னுகிறது. அதில் நார் கோத்து எட்டு விளக்குகள் செய்தார். இரண்டு மாதமாகச் சும்மா கிடக்கிறேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனிதர், எட்டாவது விளக்கு முடிந்த அன்று, வேறு சிரட்டை இருக்கிறதா என்று கேட்டார்.

கடைக்குட்டி இரண்டாம் வகுப்பு. அவளுக்கு ஊசியும் தரவில்லை, கத்தியும் தரவில்லை. பழைய நோட்டுத்தாளைக் கிழித்துப் பத்துச் சீட்டு எழுதினாள்: "பாட்டிக்குக் கால் அமுக்கி விடுவேன்." பாட்டி புத்தாண்டுக்குள்ளேயே ஆறைச் செலவழித்துவிட்டார். ஏழாவது சீட்டு நீட்டப்பட்டபோது பிள்ளை புழக்கடையில் வாழைக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள்.

பாறசாலை அத்தை வீட்டுக்கு. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தபோது, பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை வட்டம் அந்தப்புறம் கேரளத்தில் நின்றுவிட்டது. ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சொந்தக்காரர்கள் வேறு மாநிலத்துக்காரர்கள் ஆனார்கள். அத்தை, உங்கள் பிள்ளைகள் எங்களைக் கேட்காமல் பெரிய கேக்கும் துணிமணியும் வாங்கி வைத்திருந்ததையும், நான் போனில் சொன்ன பிறகு அதை உங்கள் தெருக்கோடி வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, வெறும் கையோடு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்ததையும் சேட்டன் என்னிடம் சொல்லிவிட்டார். வெறும் கை என்பதும் சரியில்லை. ஆப்பத்துக்கு மாவு ஆட்டியது நீங்கள், பாத்திரம் முழுவதும் கழுவியது சேச்சி.

கேரல் பாடும் பையன்கள் வந்த இரவில் நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒவ்வொரு வீட்டிலும் உறையில் காணிக்கை வைப்பது வழக்கம், என்னிடம் உறை மட்டுமே இருந்தது. கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டவன் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நேராக உள்ளே வந்து, இன்னொருவனோடு சேர்ந்து என் கணவரை நாற்காலியோடு தூக்கி முற்றத்தில் வைத்தான். அவர் கையில் டிரம்மைக் கொடுத்தார்கள். அவரும் ஒரு காலத்தில் அந்தக் குழுவில் அடித்தவர்தான். இரண்டு பாட்டு என்று தொடங்கி ஐந்து பாடினார்கள். கருப்பட்டிக் காப்பி குடித்தார்கள். உறை என்ற பேச்சே எழவில்லை. யார் அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லி வைத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. போதகர் மேல் சந்தேகம் இருக்கிறது.

இது பிச்சைக்காரக் கிறிஸ்மஸ் என்று கல்யாண வீட்டில் வைத்துச் சொன்ன உறவினர் ஒருவர் உண்டு. அவருக்கும் ஒரு பெட்டி போயிற்று. நன்றி சொல்ல இன்னும் மனம் வரவில்லை.

கணக்குக் கேட்டவர்களுக்காக: கோழி 480, கருப்பட்டி 350, சிறுபயறு 250, வண்ணத்தாளும் நூலும் 105. ஆக 1,185 ரூபாய். தேங்காயும் எண்ணெயும் வாழைப்பழமும் விளையில் கிடைத்தவை. மற்ற ஆண்டுகளில் துணிக்கு மட்டும் பத்தாயிரம் தாண்டும். அடுத்த ஆண்டும் இப்படியே செய்வோமா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுக்க எனக்கும் ஆசைதான்.

நட்சத்திரத்தை நேற்று இறக்கினோம். சித்திரையில் அண்ணன் விடுமுறைக்கு வரும்போது அந்தக் குட்டைக் கையை அவரே திருத்தட்டும் என்று மகன் அதைப் பழைய வேட்டியில் சுற்றி மச்சில் வைத்திருக்கிறான்.

கடைசியாக ஒன்று. ஓலைப்பெட்டிகளைத் திருப்பித் தர வேண்டும் என்று மாமியார் சொல்கிறார், பாட்டா மறுபடியும் குருத்து வெட்டமாட்டாராம். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தயவுசெய்து இந்த ஒரு முறை வெறும் பெட்டியாகவே கொண்டு வாருங்கள்.