கட்டடம் படிக்கும் தங்கைக்கு

சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே நான் நலம். அம்மாவின் கால்வலி எப்படி இருக்கிறது? அப்பா வெயிலில் சாரம் ஏறுவதைக் கொஞ்சமாவது குறைத்துக்கொண்டாரா? இதையெல்லாம் போனிலேயே கேட்டுவிடலாம். ஆனால் போன வாரம் நீ அழுதுகொண்டே கேட்டாயே, அதற்குப் போனில் பதில் சொல்லித் தீராது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவுக்கும் இதை வாசித்துக் காட்டு.

பாலிடெக்னிக்கில் புத்தகமெல்லாம் ஆங்கிலமாக இருக்கிறது, சிவில் எனக்கு வராது, வேறு பிரிவுக்கு மாறிவிடட்டுமா என்று கேட்டாய். மாறாதே. கொத்தனார் வீட்டில் பிறந்த பெண் நீ. வகுப்பில் உன்னோடு இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியாதது உனக்குத் தெரியும். அது தமிழில் தெரிந்திருக்கிறது என்பதால் கணக்கில் வராது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் சைட் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்கிறேன். நாங்கள் கட்டுவது அடுக்குமாடி வீடுகள். காலையில் வேலை தொடங்கும் முன் எல்லோரையும் நிற்கவைத்து டூல்பாக்ஸ் மீட்டிங் நடத்துவார்கள். இன்றைக்கு எங்கே கிரேன் தூக்கும், எந்தப் பக்கம் போகக்கூடாது, யார் எந்த வேலை என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். நின்று கேட்பவர்கள் நம்ம ஊர் ஆட்கள், பங்களாதேஷ்காரர்கள், சீனர்கள், பர்மாக்காரர்கள். தமிழ் இந்த நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் எச்சரிக்கைப் பலகையில் ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றோடு "அபாயம்" என்று தமிழிலும் இருக்கும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது மனசுக்கு அவ்வளவு தெம்பாக இருந்தது. ஆரம்பப் பாதுகாப்பு வகுப்பைக்கூட தமிழிலேயே எடுத்தார்கள். ஆனால் டிராயிங், அதாவது கட்டட வரைபடம், ஆங்கிலத்தில் மட்டும்தான். அதைப் படிக்கத் தெரிந்தவர் சூப்பர்வைசர், தெரியாதவர் கம்பி தூக்குபவர். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் அதுதான். அதைத் தாண்டத்தான் வேலை முடிந்து சாயங்கால வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தருகிற வாத்தியார் ஓய்வுபெற்ற பொறியாளர், சீனர். இலக்கணப் புத்தகத்தை அவர் தொடுவதே இல்லை. ஒரு டிராயிங்கை மேசைமேல் விரித்து, "மேலே இருக்கிற சுமை தரைக்கு எப்படி வந்து சேருகிறது? விரலால் காட்டு" என்பார். நாங்கள் ஸ்லாப் என்கிற தளத்திலிருந்து அதைத் தாங்கும் பீமுக்கும், பீமிலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து அஸ்திவாரத்துக்கும் விரலை நகர்த்துவோம். விரல் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆங்கில வார்த்தை சொல்வார். வழி முதலில், வார்த்தை அப்புறம். எனக்கு ஆங்கிலம் வந்தது இந்த வரிசையில்தான். நீ வார்த்தைப் பட்டியலை எழுதி மனப்பாடம் செய்கிறேன் என்றாயே, அதை நிறுத்திவிடு. அடுத்த மாதம் ஒன்றுகூட நினைவிருக்காது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். டிராயிங்கில் ஒரு கோட்டின்மேல் "25எச்16-01-150 டி1" என்று போட்டிருக்கும். பார்த்தால் பயமாக இருக்கும், பிரித்தால் ஒன்றுமில்லை. 25 கம்பி. எச் என்பது அதிக வலுவுள்ள வகை. 16 என்பது மில்லிமீட்டரில் விட்டம். 01 என்பது கம்பிப் பட்டியலில் அதன் எண். 150 மில்லிமீட்டர் இடைவெளி. கடைசியில் வரும் டி1, மேல்பக்க வலையின் வெளி அடுக்கில் கட்டு என்கிறது. பி1 என்றிருந்தால் அடிப்பக்கத்தின் வெளி அடுக்கு. இந்த ஒரு எழுத்து மாறினால் கட்டடமே மாறிவிடும்.

ஏன் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. சன்ஷேடுக்குக் கான்கிரீட் போடும்போது அப்பா சித்தாள்களைப் பார்த்து, "கம்பிய மிதிக்காதீங்க, கம்பி மேல நிக்கணும்" என்று கத்துவாரே, ஞாபகம் இருக்கிறதா? சன்ஷேடு சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்பது. பாரம் கீழே இழுக்கும்போது அதன் மேல்பக்கம் இழுபடும், அடிப்பக்கம் நசுங்கும். கான்கிரீட் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால் கம்பி மேலே இருக்க வேண்டும். மிதித்துக் கீழே இறக்கிவிட்டால் பலகையைப் பிரித்த அன்றே விழுந்தாலும் விழும். உன் புத்தகத்தில் கேன்டிலீவர், டென்ஷன், கம்ப்ரஷன் என்று இரண்டு பக்கத்துக்கு வருவது இவ்வளவுதான். சின்ன வயதிலேயே காதால் கேட்ட பாடம் அது. அந்த இரண்டு பக்கத்தையும் இப்போது திரும்பப் படித்துப் பார், அப்பாவின் குரலோடு படி.

நான் ஆங்கிலத்தில் முதன்முதலாகக் கடைசிவரை படித்து முடித்தது இங்கே இடிந்துபோன ஒரு கட்டடத்தின் கதையை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போகிற செராங்கூன் சாலை இருக்கிறதல்லவா, அது ஓவன் சாலையைச் சந்திக்கும் மூலையில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. கீழே வங்கி, மேலே நியூ வேர்ல்ட் ஹோட்டல். 1986 மார்ச் 15ஆம் தேதி, பட்டப்பகலில், ஒரு நிமிடத்துக்குள் மொத்தமாகச் சரிந்தது. 33 பேர் இறந்துபோனார்கள். 17 பேரை உயிரோடு எடுத்தார்கள். அப்போது இங்கே எம்ஆர்டி ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டுச் சுரங்கப் பொறியாளர்கள் தாங்களாகவே முன்வந்து, இடிபாட்டுக்குள் குடைந்து ஆட்களை வெளியே கொண்டுவர உதவினார்கள். அந்தப் பகுதியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

குண்டு வெடித்ததா, கேஸ் கசிந்ததா, சுரங்கம் தோண்டியதால் மண் நகர்ந்ததா என்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். எதுவும் இல்லை. கட்டடத்தை வடிவமைத்தபோது அதன் சொந்த எடையையே கணக்கில் சேர்க்கவில்லை. உள்ளே இருக்கிற ஆட்கள், சாமான்கள் ஆகியவற்றின் பாரத்தை, அதாவது லைவ் லோடை, சேர்த்திருக்கிறார்கள். ஸ்லாப், பீம், சுவர் இவற்றின் பாரத்தை, அதாவது டெட் லோடை, விட்டுவிட்டார்கள். கணக்குப் போட்டவர் தகுதிபெற்ற பொறியாளரே அல்ல. 1971இல் கட்டியது 15 வருடம் எப்படியோ நின்றிருக்கிறது. நடுவில் வங்கிக்குப் பாதுகாப்பு அறை, மொட்டைமாடியில் ஏசி இயந்திரங்கள், வெளிச்சுவருக்கு டைல்ஸ் என்று மேலும் மேலும் ஏற்றியிருக்கிறார்கள். இது நடந்த பிறகு 1989இல் புதுச் சட்டம் வந்தது. பெரிய கட்டடமென்றால் ஒருவர் போட்ட கணக்கை, அவரோடு சம்பந்தமில்லாத இன்னொரு பொறியாளர் தனியாகச் சரிபார்த்தே ஆகவேண்டும்.

டெட் லோட், லைவ் லோட் என்ற இரண்டையும் இனி நான் மறப்பேனா? சாகும்வரை மறக்கமாட்டேன். அந்த மூலை வழியாக நடக்கும்போதெல்லாம் அந்த 33 பேரின் நினைவு வரும்.

சரி, அடுத்த விஷயம். ஸ்பெசிஃபிகேஷன் என்று, எந்த வேலையை எப்படிச் செய்யவேண்டும் என்று சொல்லும் ஒரு தடிமனான கட்டு வரும். உனக்கும் மேற்செமஸ்டரில் வரும். அதன் ஆங்கிலம் நாம் பேசிப் பழகிய ஆங்கிலம் அல்ல. "கான்கிரீட் இவ்வளவு நேரத்துக்குள் இடப்பட வேண்டும்" என்கிற மாதிரியே எல்லா வரியும் போகும், யார் இட வேண்டும் என்று வராது. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் "யார்?" என்று பென்சிலில் எழுதிப் பதிலைத் தேடு. ஒப்பந்தக்காரரா, பொறியாளரா, சோதனைக்கூடமா என்று கண்டுபிடித்தால் பாதி புரிந்த மாதிரி. "ஷல்" என்று வந்தால் செய்தே தீர வேண்டும், "ஷுட்" என்று வந்தால் செய்வது நல்லது, "மே" என்றால் அனுமதி. இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாதே, இதில் பணமும் இருக்கிறது, உயிரும் இருக்கிறது.

நம் ஊர் விதிக்கும் இங்கே உள்ள விதிக்கும் வித்தியாசம் உண்டு. நீ படிப்பது ஐஎஸ் 456, கான்கிரீட்டுக்கான இந்திய விதி. இங்கே முன்பு பிரிட்டிஷ் விதி இருந்தது, 2013லிருந்து ஐரோப்பிய விதிக்கு மாறினார்கள். கான்கிரீட்டின் வலிமையை நீ எம்25 என்று எழுதுவாய், நாங்கள் சி20/25 என்று எழுதுவோம். முதல் எண் உருளை வடிவில் செய்த மாதிரியின் வலிமை, இரண்டாவது கனசதுர மாதிரியின் வலிமை. நம் ஊரில் 12 மில்லிமீட்டர் கம்பி கட்டுகிற இடத்தில் இங்கே 13. அளவெல்லாம் மில்லிமீட்டரில்தான், அடியும் அங்குலமும் கிடையாது. இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும், இதற்காகக் கவலைப்படாதே.

பழக நாளாவது கேள்வி கேட்பதுதான். டிராயிங்கில் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் இருந்தால் விளக்கம் கேட்டு ஆர்எஃப்ஐ என்று ஒரு கடிதம் எழுதுவோம். எந்த டிராயிங், எந்தக் கட்டக்கோடு, அங்கே என்ன இருக்கிறது, எது எதோடு முட்டுகிறது, என்ன செய்யலாம். நான்கைந்து சின்ன வாக்கியம் போதும். பீமுக்குள் குழாய் போகிற இடத்தில் கம்பியும் வந்தால் யாராவது கேட்டாக வேண்டும். இங்கிலீஷ் தப்பாகிவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டு கான்கிரீட்டைப் போட்டுவிட்டால், அப்புறம் அதை உடைத்துத்தான் பார்க்க முடியும். 2004 ஏப்ரல் 20இல் இங்கே நிக்கல் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் ரயில் பாதைக்குத் தோண்டிய பெரிய பள்ளம் அப்படியே உள்வாங்கி நான்கு பேர் இறந்தார்கள். பள்ளத்தின் இரு பக்கச் சுவரையும் தாங்கி நின்ற இரும்பு முட்டுகள், சுவரோரச் சட்டத்தோடு சேருகிற இடம் பலவீனமாக வடிவமைக்கப்பட்டிருந்தது. முன்கூட்டியே அறிகுறிகள் தெரிந்திருந்தன. வாத்தியார் இதைச் சொல்லிவிட்டு எங்களிடம் ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்: "வேலையை நிறுத்துங்கள், இங்கே ஏதோ சரியில்லை." அதை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிப் பழகினோம். என்னோடு படிக்கிற பங்களாதேஷ் நண்பர் கூச்சசுபாவம் உள்ளவர், அவர் அன்றைக்குப் போட்ட சத்தம் வெளியே வராந்தா வரைக்கும் கேட்டது. மற்ற எல்லா ஆங்கிலத்தையும்விட இந்த ஆங்கிலம் முக்கியம் என்று நான் நம்புகிறேன். நீ நாளைக்கு எந்த ஊர் சைட்டுக்குப் போனாலும், பெண் என்று உன்னை ஓரமாக நிற்கச் சொன்னாலும், இதைச் சொல்லத் தயங்காதே.

அப்பாவுக்குப் பிடிக்கிற மாதிரி ஒன்று சொல்லவேண்டும். இங்கே நம் ஆட்கள் கூடுகிற தேக்கா பக்கம் பழைய கடைவீடுகள் வரிசையாக இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் பொதுவான செங்கல் சுவர், அதன்மேல் மர விட்டம், ஓட்டுக்கூரை. ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் கூரையோடு கூடிய நடைபாதை, ஐந்தடி அகலம். இந்த நகரத்தை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் 1822இல் நகரத் திட்டம் போட்டபோதே, வீட்டு முன்னால் இப்படி மூடிய நடைபாதை விடவேண்டும் என்று விதித்துவிட்டார். மழை கொட்டும்போது இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நனையாமல் நடக்கலாம். நம் தெருவில் திண்ணைகளையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துப்போட்டால் எப்படி இருக்கும், அப்படி. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் உட்கார்ந்து வகுப்புப் பாடத்தைப் படிக்கிறேன்.

நீ செய்யவேண்டியது இதுதான். சனிக்கிழமை அப்பாவோடு சைட்டுக்குப் போ. ஒரு பீமைக் காட்டி, இதன் பாரம் எங்கே போகிறது என்று அப்பாவையே கேள். அவர் சொல்வதை அப்படியே தமிழில் எழுதிக்கொள். வீட்டுக்கு வந்து உன் புத்தகத்தில் அந்த இடத்தைத் தேடி, பக்கத்திலேயே ஆங்கிலத்தில் எழுது. எழுதியதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ராத்திரி பத்து மணிக்குமேல் நான் ரூமில்தான் இருப்பேன், உங்களுக்கு அப்போது ஏழரை. டிராயிங் ஷீட்டையும் சேர்த்து அனுப்பு, கம்பிப் பட்டியலை இரண்டு பேரும் உட்கார்ந்து பிரிக்கலாம்.

செமஸ்டர் கட்டணம் இந்த வாரம் அப்பா கணக்கில் வந்துவிடும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ, தள்ளிப்போடவேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்