சிறுவர் வாசிப்பு வட்டம், வேலூர்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், தன்னார்வலர்களுக்கும், வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் வட்டம் செய்த வேலைகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழுவை ஆறு முறை கூட்டினேன். மூன்று முறைதான் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, சேர்ந்தது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஏப்ரல் 23 உலகப் புத்தக நாளன்று காட்பாடியில் கதை சொல்லல் நடந்தது. மே மாதம் நம் ஊர் வெயிலூராகவே இருந்ததால் வாசிப்பு நேரத்தை மாலை ஆறு மணிக்குத் தள்ளினோம். வேலூர்ப் புரட்சி நாளான ஜூலை 10-ஐ ஒட்டி வந்த சனிக்கிழமை பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போனோம். 1806-இல் அங்கே நடந்ததை ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் எடுத்துச் சொன்னார். நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரம். மாவட்ட மைய நூலகத்தைப் பிள்ளைகள் பார்த்து வந்தார்கள். ஃபெஞ்சல் புயல் மழையால் டிசம்பர் முதல் வாரம் வாசிப்பு இல்லை. பொங்கலுக்கு இரண்டு வாரம் விடுமுறை. படங்கள் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் இருக்கின்றன.

இனி, நூல்களைப் பிள்ளைகளின் தெருவுக்கே கொண்டுபோன பெட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வட்டத்துக்குச் சேர்ந்த நூல்கள் மூன்று ஆண்டுகளாக ஓர் இரும்பு பீரோவில் இருந்தன. சாவி ஒருவரிடம், பதிவேடு இன்னொருவரிடம். இரண்டு பேரும் ஒரே நாளில் வந்தால்தான் ஒரு பிள்ளையின் கைக்கு நூல் போகும். நான் பொறுப்பேற்றதும் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அதற்கு முந்தைய ஓராண்டில் வெளியே போன நூல்கள் 46. ஒன்றுகூடக் கிழியாமல் திரும்பி வந்திருந்தன. அதைச் சொல்லிப் பெருமைப்பட்டவர்கள் உண்டு. எனக்கு வயிறு எரிந்தது.

ஜூன் மாதம் மூன்று டிரங்குப் பெட்டிகள் வாங்கினேன். செயற்குழுவின் ஒப்புதலை முன்கூட்டிப் பெறவில்லை என்பது உண்மை. கூட்டம் அழைத்தேன், கோரம் சேரவில்லை. பள்ளியும் திறந்துவிட்டது. அடுத்த கூட்டத்துக்குக் காத்திருந்தால் காலாண்டுத் தேர்வு வந்துவிடும். முதலில் என் கைப்பணத்தைப் போட்டேன், பிறகுதான் வட்டம் கொடுத்தது. ரசீது பொருளாளரிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். ஒரு பெட்டி சத்துவாச்சாரி மலையடிவாரத்துக்கு, ஒன்று காட்பாடிக்கு, ஒன்று கஸ்பாவுக்கு. ஒவ்வொன்றிலும் 60 நூல்கள். அரசின் வாசிப்பு இயக்க நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள் அல்லவா, அதே முறையில் நம் நூல்களின் முதுகிலும் நான்கு நிறத்தில் டேப் ஒட்டினோம். பெட்டிக்குப் பூட்டு கிடையாது. ஒரு மாதம் ஒரு வீட்டுத் திண்ணையில் இருக்கும், அடுத்த மாதம் அடுத்த வீடு. நூல் எடுக்கிற பிள்ளை தன் பெயரைத் தானே நோட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான் விதி. எழுத வராத பிள்ளை ஒரு படம் வரைந்துவிட்டுப் போகலாம்.

கஸ்பா நோட்டை இன்று மேசை மேல் வைத்திருக்கிறேன். ஒரு குழந்தை ஜூலை முழுவதும் ஒரு கோழியை வரைந்திருக்கிறது. செப்டம்பரில் கோழிக்குப் பக்கத்தில் பெயரின் முதல் எழுத்து வருகிறது. நவம்பரில் முழுப் பெயரும் இருக்கிறது, கோழி இல்லை. பெட்டியால் என்ன பயன் என்று கேட்ட உறுப்பினர்கள் தயவுசெய்து அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்.

கஸ்பாவை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றும் கேட்டார்கள். அந்தத் தெருக்களில் பல ஆண்டுகள் தபால் கொடுத்தவன் நான். ராணுவத்தில் இருக்கும் மகனிடமிருந்து கடிதம் வந்தால், வாங்கி உறையைப் பிரித்து, "நீயே படிச்சிட்டுப் போண்ணா" என்று என் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். நான் திண்ணையில் உட்கார்ந்து படிப்பேன். அந்த அம்மாவின் மடியில் பீடி சுற்றும் முறம் இருக்கும். இலையில் தூளை வைத்து உருட்டி, நூலால் கட்டி, முனையை மடித்து, கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். 25 பீடி ஒரு கட்டு, ஆயிரம் பீடிக்குத்தான் கூலிக் கணக்கு என்பதால் கை நிற்காது. கண்ணும் முறத்தை விட்டு அகலாது. ஆனால் காது முழுவதும் என்னிடம் இருக்கும். பீடி சுற்றுகிறவர்களுக்குக் காது சும்மாதான் இருக்கிறது என்று எனக்கு அன்றே தெரியும். பணி ஓய்வுக்குப் பிறகுதான் அதை வைத்து ஏதாவது செய்ய முடிந்தது.

திண்ணை வாசிப்பு அப்படி வந்ததுதான். சனிக்கிழமை மாலை நாலரை மணிக்குப் பெட்டியைத் திறப்போம். பிள்ளை வாய்விட்டுப் படிக்க வேண்டும், பீடி சுற்றும் அம்மாவும் ஆயாவும் கேட்க வேண்டும். தன்னார்வலர் பக்கத்தில் உட்கார்ந்து, திக்கும் இடத்தில் மட்டும் உதவ வேண்டும்.

இதற்குச் செயற்குழுவில் எதிர்ப்பு வந்தது. புகையிலைத் தூள் பறக்கும் இடத்தில் பிள்ளைகளை உட்கார வைப்பதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளி விட்டு வந்ததும் நூல் கட்டவும் முனை மடிக்கவும் அவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். நாங்கள் அம்மாக்களிடம் ஒரே ஒரு பேச்சுதான் பேசினோம்: புத்தகம் கையில் இருக்கும்வரை பிள்ளையிடம் வேலை சொல்லக் கூடாது. பிள்ளைகளைக் காற்றோட்டமாகத் தெருப்பக்கம் உட்கார வைக்கிறோம். வாரத்தில் ஒரு மணி நேரமாவது அந்தக் கை பீடியைத் தொடாமல் இருக்கிறது. இது போதாது என்று எனக்கும் தெரியும். போதாது என்பதற்காக இதையும் விட்டுவிடலாமா?

வந்த பிள்ளைகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இவர்கள் 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போயிருக்க வேண்டியவர்கள். நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு, கொரோனாவால் மூடிய பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-இல்தான். ஒன்றாம் வகுப்பு முழுவதும், இரண்டாம் வகுப்பில் பாதியும் போய்விட்டது. அப்புறம் விட்ட படிப்பை ஈடுகட்ட அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது, எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது, நிறையப் பேர் தேறினார்கள். தேறாதவர்கள்தான் நம் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து வயது ஆகிவிட்டது, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கூச்சப்படுகிறார்கள்.

அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று நான் குறித்து வைத்திருக்கிறேன். பெரும்பாலும் கொம்பில்தான். ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது. 'கொக்கு' என்று இருந்தால் 'கெ' என்று ஆரம்பித்துவிட்டு, பின்னால் வரும் காலைப் பார்த்ததும் திகைத்து நின்றுவிடுகிறார்கள். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்ற ஆயா ஒருவர், பேத்தி அப்படி நின்றபோது முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "படத்தப் பாத்துகினு படிடி, ஒத்தக் கால்ல நிக்குதே அது இன்னா?" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டு 'கொக்கு' என்றாள். நான் சொல்லிக் கொடுத்திருந்தால் இவ்வளவு சுலபமாக வந்திருக்காது. அப்புறம் ஒரு புதன்கிழமை நான் அந்தப் பக்கம் போனபோது இன்னொரு அம்மா என்னை நிறுத்தி, "அந்த நரி இன்னா ஆச்சு சார், பாதியிலேயே போட்டுட்டுப் போயிட்டான்" என்று கேட்டார். மகனுக்கு அதே நூலை அன்றைக்கே மறுபடி எடுத்துக் கொடுத்தேன். அம்மா கேட்கிறாரே என்பதற்காக அவன் அதை முழுவதும் படித்து முடித்தான்.

வீட்டில் உருது பேசும் பிள்ளைகளும் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் நம்மிடம் நிறைய உண்டு. இவர்கள் தமிழில் எழுத்துக் கூட்டிவிடுகிறார்கள், பொருள்தான் பிடிபடுவதில்லை. பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவரில் யாரும் அச்சிட்டுக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு கதைகள் பல மொழிகளில் கிடைக்கின்றன. அதே கதையை உருதுவிலும் தெலுங்கிலும் எடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் கொடுத்து முதலில் கதையைச் சொல்லச் சொன்னோம். பிறகு பிள்ளை தமிழில் படிக்கும்போது முகமே மாறிவிடுகிறது. ஜெராக்ஸ் செலவை ஒரு தன்னார்வலரே ஏற்றுக்கொண்டார்.

நூல் கொடை பற்றி ஒரு வேண்டுகோள். போகிக்கு முந்தைய வாரம் நமக்கு ஏழு மூட்டை வந்தது. கொடுத்தவர்களுக்கு நன்றி. ஆனால் அதில் பாதிக்கு மேல் பத்தாம் வகுப்பு கைடுகளும் பழைய போட்டித் தேர்வு நூல்களும்தான். நல்ல கதை நூல்கள் சில இருந்தன, அவை 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவை. அவற்றில் லை, னை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை போல் வளைந்து இருக்கும். நமக்குப் பழக்கம், பிள்ளைகளுக்குப் புரியவில்லை. ஒரே ஒரு புதிய, பெரிய எழுத்துப் படநூல் வாங்கிக் கொடுங்கள். மூட்டையை விட அது பெரிய உதவி.

கிழிந்த நூல்களின் கணக்கைக் கேட்டிருக்கிறீர்கள். 180 நூல்களில் 31 கிழிந்தன, 14 திரும்பி வரவில்லை. மறைக்கவில்லை. பெட்டிகள் சுற்றிவந்த ஒன்பது மாதத்தில் நோட்டுகளில் பதிவானவை 1,100-க்கு மேல். திரும்பி வராத 14-இல் 11 நூல்கள், பிள்ளைகள் அதிகம் கேட்டு எடுத்த நூல்கள். யார் வீட்டிலோ தலையணைக்கு அடியில் இருக்கும். நான் தேடிப் போகவில்லை. மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டலாம் என்று தீர்மானம் வந்தால் நான் எதிர்த்து வாக்களிப்பேன்.

இப்போது மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் பட்டியலில் 58 பேர் இருக்கிறோம். சனிக்கிழமைகளில் தவறாமல் வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஐந்து பேர் கல்லூரிப் பிள்ளைகள், அவர்கள் சந்தா உறுப்பினர்கள்கூட இல்லை. வாட்ஸ்அப்பில் படம் போட்டால் இருபது பேர் கைதட்டுகிறோம். 'இந்த வாரம் சத்துவாச்சாரிக்கு யார் போகிறீர்கள்?' என்று கேட்டால் குழு அமைதியாகிவிடுகிறது. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, சத்துவாச்சாரிக்கு வருகிறேன் என்று சொன்ன இருவரும் வரவில்லை. நான் அன்று கஸ்பாவில் இருந்தேன். 22 பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து தெருவிளக்கு எரியும் வரை காத்திருந்திருக்கிறார்கள். அடுத்த வாரம் எட்டுப் பேர்தான் வந்தார்கள். அந்த 22-ஐத் திரும்பச் சேர்க்க வீடு வீடாக நடந்து, டிசம்பர் ஆகிவிட்டது. வர முடியாவிட்டால் வெள்ளிக்கிழமையே ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் வேலையும் உடல்நலமும் எனக்குப் புரியும். சொல்லாமல் இருந்துவிடுவதைத்தான் தாங்க முடியவில்லை.

சந்தா ஆண்டுக்கு 300 ரூபாய். பாதிப் பேருக்கு மேல் பாக்கி, சிலருக்கு இரண்டு ஆண்டு பாக்கி. பெயர்களைப் படிக்கப் போவதில்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சந்தாவும் நன்கொடையுமாக வந்தது ஏறக்குறைய செலவுக்குச் சரியாக இருந்தது. நூல், பெட்டி, பயணம், டீ, பிஸ்கட் என்று போனது போக, சிறு தொகை கையிருப்பு உண்டு. அதிலிருந்து ஒரு சிறு பாக்கி அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

தலைவர் அவர்களுக்கும், துணைத் தலைவர் அவர்களுக்கும், கணக்கைச் சரிபார்த்த தணிக்கையாளருக்கும், கூட்டம் நடத்த இடம் கொடுத்தவர்களுக்கும், தங்கள் திண்ணையைத் திறந்துவிட்ட ஒவ்வொரு வீட்டாருக்கும் நன்றி. பெட்டியைக் கட்டணம் வாங்காமல் ஏற்றி இறக்கிய ஆட்டோ தம்பிக்குத் தனி நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. நாம் எல்லோரும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் நம் மாகாணத்தில் வந்தது. சத்துவாச்சாரி மலையடிவாரத்துக்கு ஒரு பகுதிநேர நூலகம் கேட்டு மனு எழுதியிருக்கிறேன். கையெழுத்து வேண்டும். பேரணாம்பட்டிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் பெட்டி கேட்டு வந்தார்கள், பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். இருக்கிற மூன்று பெட்டிக்கே ஆள் இல்லாதபோது நான்காவதை எந்த முகத்தோடு வாங்குவது?

எனக்கு 66 வயது ஆகிறது. மலையடிவாரப் படிகளில் பெட்டியோடு ஏறினால் முழங்கால் வலிக்கிறது. செயலாளர் பொறுப்பை யார் ஏற்றாலும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன், திண்ணை வாசிப்பு மட்டும் நிற்கக் கூடாது. வரும் சனிக்கிழமை கஸ்பாவுக்கு இருவரும் சத்துவாச்சாரிக்கு மூவரும் தேவை. மேசை மேல், கஸ்பா நோட்டுக்குப் பக்கத்தில், ஒரு புதிய நோட்டு வைத்திருக்கிறேன். எந்தப் பெட்டி, மாதத்தில் எத்தனை சனிக்கிழமை என்று எழுதிப் பெயர் போட்டுவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்