இறக்கைமேல் நின்ற ஆறு பேர்

படைத்துறை ஆவணங்களையும் விமான அருங்காட்சியகங்களையும் பொறுப்பில் வைத்திருக்கும் மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம்.

அண்மையில் இரண்டாம் உலகப்போர் பற்றிய ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை அமெரிக்க வான்படையின் 84ஆம் ஏர் டிப்போவாக, அதாவது விமானப் பழுதுபார்ப்பு நிலையமாக இருந்த காலத்துப் படம் ஒன்றைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். கட்டலீனா என்ற கடல்விமானம் ஒன்றின் இறக்கைமேல் ஆறு பேர், கீழே தொப்பி வைத்த ஓர் அதிகாரி. விளக்க அட்டையில் விமானத்தின் வகை இருந்தது, என்ஜினின் குதிரைத்திறன் இருந்தது, அதிகாரியின் பெயரும் பதவியும் இருந்தன. மேலே நின்ற ஆறு பேரும் 'உள்ளூர்ப் பணியாளர்கள்'. அவ்வளவுதான்.

டிப்போவின் கதையை உங்களுக்கே சொல்லித்தர நான் வரவில்லை. 1940 டிசம்பரில் தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்தும் மைசூர் அரசும் தொடங்கியதும், 1942இல் இந்திய அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டதும், மறு வருடமே அது அமெரிக்கர் கைக்குப் போனதும் உங்களுக்கு மனப்பாடம். நான் கேட்பது ஒன்றே. அந்த வருடங்களின் வருகைப் பதிவேடுகளையும் சம்பளப் பேரேடுகளையும் தேடி எடுங்கள். அதிலுள்ள பெயர்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

நான் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடலையும் இறக்கையையும் பழுதுபார்ப்பவனாக இருந்து ஓய்வுபெற்றவன். எனக்கு ரிவெட், அதாவது தகடுகளை இணைக்கும் ஆணி, அடிக்கக் கற்றுக்கொடுத்த பெரியவர் அந்த டிப்போவில் இளைஞராகச் சேர்ந்தவர். நாங்கள் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. முன்னால் போய் நின்று கையை ஆட்டவேண்டும்.

காது போனது எப்படி என்று வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் அட்டைகளை எழுதுகிறவர்கள் கூடத்துக்குள் கால் வைத்ததில்லை என்று நினைக்கிறேன், அதனால் சொல்கிறேன். கட்டலீனா கடல்நீரில் இறங்கி ஏறும் விமானம். வங்கக் கடலின் உப்பு அதன் அடிவயிற்றுத் தகடுகளை அரித்துவிடும். அரித்த தகட்டின் ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்து, புதுத் தகடு வைத்து, மறுபடி அடிக்கவேண்டும். இது இருவர் வேலை. ஒருவர் வெளியே நின்று ரிவெட் கன்னை இயக்குவார். மற்றவர் உடலுக்குள் குந்தி, ரிவெட்டின் வால் தட்டையாகும்வரை இரும்புக்கட்டியை அண்டக்கொடுத்துப் பிடிப்பார். வெளியே நிற்பவருக்குச் சத்தம் காற்றில் கொஞ்சமாவது கரையும். உள்ளே இருப்பவர் அண்டாவுக்குள் தலையை விட்டவர் மாதிரி; ஒவ்வோர் அடியும் அவர் மண்டைக்குள்தான் விழும். மேஸ்திரி உள்ளே குந்தியவர். உடம்பு சின்னது, அதனால் எப்போதும் அவரைத்தான் உள்ளே அனுப்புவார்களாம். காதில் பஞ்சு வைத்துக்கொள்வோம் என்பார், சிரித்துக்கொண்டே.

அவர் மகளுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அப்பா அங்கே வேலை செய்தார் என்பதற்கு ஒரு தாள், ஒரே ஒரு தாள் வேண்டும் என்று ஓர் அலுவலகத்துக்குப் போனார். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்ற அலுவலகங்கள் 'நல்லவேளை, நாங்கள் இல்லை' என்று நிம்மதியாகிவிடும். அங்கே, "டோக்கன் நம்பர் இருக்காம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள், தொழிலாளிக்குத் தரும் அடையாள எண்ணைத்தான். இல்லை என்றதும், நம்பர் இல்லாமல் பதிவேட்டைப் பார்க்க முடியாது என்றார்களாம். நம்பர் எங்கே கிடைக்கும்? பதிவேட்டில். பதிவேடு எங்கே? "அது அமெரிக்கர் காலம்மா, அவங்க எடுத்துட்டுப் போயிருப்பாங்க." போயிருப்பாங்க! ஐயா, 'இருப்பாங்க' என்பது பதிலா?

அமெரிக்கர் தங்கள் படைப்பிரிவுகளின் வரலாற்றைக் கொண்டுபோய் அலபாமாவில் மேக்ஸ்வெல் தளத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அது அவர்கள் கடமை, செய்தார்கள். நம்மவர் கூலி வாங்கிய கணக்கைத் தேடுவது யார் கடமை?

இன்னொன்றும் சொல்லவேண்டும். கட்டலீனாவில் இருந்தவை இரண்டு பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப் என்ஜின்கள், ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர். டகோட்டா சரக்கு விமானத்திலும் அதே இரண்டு. லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்திலும் அதே குடும்ப என்ஜின், நான்கு. போர் முடிந்து கிளம்பிய பிரிட்டிஷ் வான்படையினர் கான்பூரில் லிபரேட்டர்களை யாருக்கும் உதவாதபடி நொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் போனார்கள். 1948இல் அந்தக் குப்பையிலிருந்துதான் இந்திய வான்படைக்கு முதல் கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் கிடைத்தன. கான்பூரில் பறக்கும் அளவுக்கு ஒட்டுப்போட்டதைப் பெங்களூருக்கு ஓட்டிவந்தவர் தொழிற்சாலையின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி. அந்தத் துணிச்சலுக்கு அவர் பெயர் நிலைத்தது, நிலைக்கவேண்டியதும்தான். வந்து சேர்ந்தவற்றைப் பிரித்துக் கோத்து, நாற்பதுக்கு மேல் ஒப்படைத்த கைகள் யாருடையவை? அந்த என்ஜினின் ஒவ்வொரு போல்ட்டும் தெரிந்தவர்கள் 1943இலிருந்தே அங்கே தயாராகிவிட்டார்கள். அவை 1968 வரை பறந்தன. டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. அதன் எண் ஹெச்.இ. 924. பாருங்கள், விமானத்துக்கு எண் தொலையவில்லை. மேஸ்திரிக்குத்தான் தொலைந்துவிட்டது.

நாம் எதைத்தான் பத்திரமாக வைத்தோம் என்றும் தோன்றுகிறது. கட்டலீனாக்கள் இறங்கிய பெல்லந்தூர் ஏரியில் பின்னாளில் நுரை பொங்கியது, அப்புறம் தண்ணீரே தீப்பற்றியது. ஏரியே எரிகிற ஊரில் பேரேட்டைத் தேடுகிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். கண்காட்சி வாசலில் மட்டும் விமானப் படம் போட்ட கோப்பைக்கும் சாவிக்கொத்துக்கும் குறைவில்லை. அதற்கு யாரும் டோக்கன் நம்பர் கேட்கவில்லை, காசுதான் கேட்டார்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது சிலையல்ல, விருதல்ல, உதவித்தொகையுமல்ல. பெயர்கள். பதிவேடுகள் இருந்தால் எங்கே இருக்கின்றன என்று சொல்லுங்கள். இல்லையென்றால், எந்த வருடம் யார் உத்தரவில் அழிக்கப்பட்டன என்று எழுத்தில் கொடுங்கள். அதையாவது அந்த அம்மாவிடம் காட்டுகிறேன். தூசி தட்டி, பெயர்களைப் படித்துக் கணினியில் ஏற்ற ஆள் போதவில்லை என்பதுதான் சிக்கல் என்றால், ஓய்வுபெற்ற ஃபிட்டர்கள் நாங்கள் சிலர் இருக்கிறோம். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் படிப்போம். சம்பளம் வேண்டாம். காலை எட்டு மணிக்கு வரச்சொன்னால் ஏழே முக்காலுக்கு வாசலில் நிற்போம், பழக்கம் அப்படி.

தயவுசெய்து பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஏர்ஃப்ரேம் ஃபிட்டர் ஒருவன்,
பெங்களூர்.