எங்கள் கூட்டு ஆய்வுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களே,

எங்கள் கூட்டு ஆய்வுத் திட்டத்துக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்பின் நல்கை கிடைத்திருக்கிறது. முதன்மை ஆய்வாளர் என்பதால் வாழ்த்துகள் எனக்கே வருகின்றன. அவை உண்மையில் யாருக்குச் சேர வேண்டும் என்று எல்லோரும் அறியச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் ஆய்வு அலுவலகத்தாருக்கு. மூன்று வெவ்வேறு நாடுகளிலிருந்து, ஒன்றையொன்று சாராத மூன்று நிறுவனங்களாவது சேர வேண்டும் என்பது விதி. "இவர்களில் ஒருவர் விலகினால் ஆய்வு நின்றுபோகுமா?" என்று கேட்டீர்கள். கூட்டாளிகளைத் தேட அந்தக் கேள்விதான் எங்களுக்கு வழிகாட்டியது. பெயருக்குச் சேர்த்த கூட்டாளி ஒருவர்கூட இந்தத் திட்டத்தில் இல்லை.

கணக்குப் பிரிவு நண்பருக்குத் தனி நன்றி. நேரடிச் செலவில் 25 சதவீதம், மின்சாரம், அலுவலகம் போன்ற மேல்செலவுகளுக்காகக் கிடைக்கும், வேலையை வெளியாருக்குக் கொடுக்கும் துணை ஒப்பந்தத் தொகை போன்றவற்றை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று பொறுமையாக விளக்கினார். யார் எத்தனை மாதம் உழைப்பார்கள் என்று ஒவ்வொரு பணிக்கும் எழுத வைத்தார். எழுதியபோதுதான் எங்கள் கனவு ஒரு திட்டமாக உருப்பெற்றது.

கூட்டாளி ஆய்வகம் ஒன்றை என்னால் மறக்கவே முடியாது. தங்களுக்கு ஒதுக்கிய பரிசோதனைகளில் ஒரு பகுதியை இன்னொரு குழு இன்னும் நன்றாகச் செய்யும் என்று அவர்களே முன்வந்து சொன்னார்கள். அதனால் அவர்களுடைய நிதிப் பங்கு குறைந்தது. தெரிந்தேதான் சொன்னார்கள். நிதிக்காகக் கூடும் இடத்தில் இப்படிச் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! கூட்டாய்வு என்றால் எனக்கு இனி அவர்கள்தான்.

அப்புறம், வேறு துறைகளிலிருந்து வரைவைப் படித்துத் தந்த பேராசிரியர்கள். மதிப்பீட்டாளர்கள் பார்ப்பது சிறப்பு, தாக்கம், செயல்படுத்தல் ஆகிய மூன்றை. நீங்களும் அதே கண்ணோடு படித்து, "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று ஓரத்தில் குறித்துத் தந்தீர்கள். தாக்கம் பற்றிய பகுதி முழுவதும் உங்கள் குறிப்புகளிலிருந்து வளர்ந்தது.

கூட்டாளிகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் கூட்டமைப்பு ஒப்பந்தத்தை வரைந்த சட்டப் பிரிவினருக்கும் நன்றி. தரவு யாருக்குச் சொந்தம், ஒருவர் விலகினால் என்ன என்பதையெல்லாம் எழுதியதோடு, முனைவர் பட்ட மாணவர்கள் தங்கள் முடிவுகளை ஆய்வேட்டில் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்றும் தெளிவாகச் சேர்த்தீர்கள்.

ஆய்வு தொடங்கி ஆறாம் மாதத்துக்குள், தரவை எப்படிச் சேமிப்போம், பகிர்வோம் என்று சொல்லும் தரவு மேலாண்மைத் திட்டம் தர வேண்டும். வரைவு தயாரானதும் உங்கள் எல்லோருக்கும்தான் முதலில் அனுப்புவோம்.

மனமார்ந்த நன்றியுடன்,
முதன்மை ஆய்வாளர்