வெப்காமிக் போட்டி நடத்தும் கலைவிழாக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி வட்டாரக் கல்லூரிகளின் கலைவிழாக் குழுவினருக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் கேமிங் வெப்காமிக், அதாவது வீடியோ கேம் பற்றி இணையத்தில் வரும் சிரிப்புப் படக்கதை, வரைகிறவர்கள் சேர்ந்து எழுதுகிறோம். போட்டிப் பட்டியலில் வெப்காமிக்குக்கும் இடம் கொடுத்தீர்கள், சந்தோஷம். ஆனால் விதிமுறையைப் பார்த்தால் பழைய போஸ்டர் போட்டிதான்: சார்ட் பேப்பர், இரண்டு மணி நேரம், விழிப்புணர்வுத் தலைப்பு, 'யார் மனதையும் புண்படுத்தக் கூடாது'. முதல் மூன்றையும் எடுத்துவிடுங்கள். நான்காவதை மாற்றி எழுதுங்கள்.

வெப்காமிக்கை ஃபோனில்தான் படிக்கிறார்கள். அதனால் அளவைப் பிக்சலில் சொல்லுங்கள். இன்ஸ்டாகிராமுக்கு 1080-க்கு 1350. கீழே தள்ளிப் படிக்கும் நீளப் பட்டை என்றால் 800 அகலம். இரண்டு மடங்கு அளவில் வரைந்து பிறகு சுருக்கினால் கோடு சுத்தமாக வரும். 1080 அகலப் படத்தில் 36 பிக்சல் எழுத்து, ஏழு சென்டிமீட்டர் அகலத் திரையில் இரண்டேகால் மில்லிமீட்டர் உயரம்தான் இருக்கும். 44-க்குக் கீழே போகக் கூடாது என்று விதியிலேயே எழுதுங்கள். பிஎன்ஜி கோப்பாகக் கேளுங்கள். ஜேபெக்கில் எழுத்தின் ஓரமெல்லாம் அழுக்குப் படிந்த மாதிரி ஆகிவிடும். வாட்ஸாப்பில் வாங்கினால் படமாக வாங்காதீர்கள், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக வந்தால் அது சுருக்கித் தள்ளிவிடும்.

அதிகம் பேர் தோற்பது படத்தில் இல்லை, எழுத்தில். பழைய ஃபோட்டோஷாப்பில் டெக்ஸ்ட் என்ஜினை 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்'டுக்கு மாற்றாமல் யூனிகோடில் தட்டினால் 'கொ' என்பது க முன்னால், கொம்பு பின்னால், கால் தனியாக என்று மூன்று துண்டாக நிற்கும். பாமினியில் தட்டிய வசனத்தை அந்த எழுத்துரு இல்லாத லேப் கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. அதனால் வசன லேயரைப் படமாக மாற்றிவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். இலவசமாக வேண்டுமென்றால் கிரிட்டா என்ற வரையும் மென்பொருள் இருக்கிறது. கையால் எழுதியதையும் தாராளமாக ஏற்கலாம்; எங்களைக் கேட்டால் அதுதான் அழகு. வசனத்தை முதலில் எழுதிவிட்டு அதைச் சுற்றிப் பலூன் போட வேண்டும். பலூனை முதலில் போட்டவன் கடைசியில் எழுத்தைச் சுருக்குவான். மேலே புள்ளியும் சுழியும், கீழே கொக்கியும் இருப்பதால் வரி இடைவெளி 130 சதவீதமாவது வேண்டும். 'விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்' எந்தப் பலூனிலும் அடங்காது. 'வெளாடுறாங்க' அடங்கும். பேச்சுத்தமிழுக்கு மதிப்பெண் குறைக்கும் வழக்கத்தை இந்தப் போட்டியிலாவது விட்டுவிடுங்கள்.

ஊர் அடையாளம் வேண்டும் என்று நீங்கள் கேட்டதும் எல்லோரும் ஆத்தங்குடிப் பூத்தரைக் கல்லை ஒவ்வொரு கட்டத்திலும் முழுசாக வரைந்துவிடுகிறார்கள். அந்தப் பூவேலைக்கு மேல் வசனம் நிற்காது. முன்னால் நாலு கல்லை வரைந்துவிட்டு மிச்சத்தை வெறும் நிறமாக விட்டாலே போதும். ஊர் அடையாளம் ஜோக்குக்குள் இருப்பதுதான் நல்லது. ஓர் உதாரணம். முதல் கட்டம்: கேமில் ஒருவன் செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நின்று, 'இங்க யாரும் இல்லடா, வாங்க' என்கிறான். இரண்டாவது கட்டத்தில் வசனமே இல்லை: முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு, எல்லாக் கதவும் ஒரே நேர்கோட்டில், கடைசிக் கதவில் பொடியாக ஒரு துப்பாக்கி. மூன்றாவது: ஆடுகிற பேரனின் தோளுக்குப் பின்னால் அப்பத்தா. 'வாசல்ல நின்னா அடுத்த தெரு தெரியிற மாதிரி கட்டுன வீடு. நேரா நுழைஞ்சா சுடாம வெத்தல பாக்கா வைப்பான்?' பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேமை ஆடாதவருக்கும் இது புரியும். ஆடுகிறவர் கூடுதலாகச் சிரிப்பார்.

எல்லா ஜோக்கும் இப்படி அமையாது. அதற்கும் வழி உண்டு. 1998 நவம்பரில் தொடங்கிய பென்னி ஆர்கேட் என்ற அமெரிக்க கேமிங் வெப்காமிக்கில் மைக் க்ராஹூலிக் வரைவார். ஜெர்ரி ஹோல்கின்ஸ் வசனத்தோடு தனியாக ஒரு குறிப்பும் எழுதுவார். எந்த கேம், எதற்கு எரிச்சல் என்பதெல்லாம் அந்தக் குறிப்பில் இருக்கும். அதனால் படத்தில் விளக்கவுரை தேவைப்படாது. நீங்களும் ஒவ்வொரு படைப்போடும் நூறு வார்த்தைக் குறிப்பு கேளுங்கள். நடுவர்களில் ஒருவராவது கேம் ஆடுகிறவராக இருக்கட்டும்.

விழிப்புணர்வுத் தலைப்பு ஏன் வேண்டாம் என்கிறோம்? கன்ட்ரோல் ஆல்ட் டெலிட் 2002 முதல் வந்துகொண்டிருந்த கேமிங் சிரிப்புத் தொடர். 2008 ஜூன் 2 அன்று திடீரென்று கருச்சிதைவைப் பற்றி வசனமில்லாத நாலு கட்டம் போட்டது. துக்கத்தைச் சொல்ல வந்த பக்கம், பல வருஷத்துக்குக் கேலிப்பொருளாகிவிட்டது. அந்தத் துக்கத்தைத் தாங்குகிற மாதிரி முன்னே எதையும் கட்டி வைக்கவில்லை என்பதுதான் கோளாறு. இரண்டு கட்டம் சிரிக்க வைத்துவிட்டு மூன்றாவதில் 'கைப்பேசியைத் தவிர்ப்போம்' என்று ஒட்டினாலும் அதே கதிதான்.

இனி புண்படுத்துவது. கேமிங் நகைச்சுவையே பட்டென்று பேசுவதில்தான் இருக்கிறது. அந்த விதியை அப்படியே அமல்படுத்தினால் அப்பத்தா வசனமும் போய்விடும். ஜோக் யாரைச் சுடுகிறது என்று பாருங்கள். 2005-ல் வன்முறை கேம்களை எதிர்த்து வந்த ஜாக் தாம்ப்சன் என்ற அமெரிக்க வழக்கறிஞர், தான் சொல்கிற மாதிரி ஒரு கேமை யாராவது தயாரித்து விற்றால் 10,000 டாலர் தர்மத்துக்குத் தருவதாக அறிவித்தார். பிறகு அது வெறும் நையாண்டி என்று கைகழுவினார். பென்னி ஆர்கேட்காரர்கள் அவர் பெயரிலேயே 10,000 டாலரைக் கொடுத்தார்கள். முரட்டுக் கேலிதான், ஆனால் குறி சரி.

அதே ஆட்கள் 2010-ல் சறுக்கினார்கள். 'ஐந்து அடிமைகளை மீட்டால் போதும், ஆறாவது ஆள் எக்கேடும் கெடட்டும்' என்கிற கேம் கணக்கைத்தான் கேலி செய்தார்கள். அதில் பாலியல் வன்முறையைத் தொட்ட ஒரு வரி. வாசகர்கள் வருத்தம் சொன்னபோது அவர்களையே நக்கலடித்து அடுத்த படம், பிறகு அதை வைத்தே டி-ஷர்ட் விற்பனை. 2011-ல் சட்டையைத் திரும்பப் பெற்றார்கள்; 2013-ல் மேடையில் 'திரும்பப் பெற்றது தப்பு' என்று க்ராஹூலிக் சொல்ல, மறுபடி ரகளை, பிறகு மன்னிப்பு. அந்த ஒரு வரியைவிட, கேள்வி கேட்டவரிடம் திமிர் காட்டியதுதான் அத்தனை வருஷம் இழுத்தது. ஆகவே விதியை இப்படி எழுதுங்கள்: சாதி, உடல், பெண்கள், பாதிக்கப்பட்டவர் இவற்றின் மேல் அடிக்கிற ஜோக்குக்கு இடமில்லை, கேம், நிறுவனம், ஏமாற்றி ஆடுகிறவன், கல்லூரி வைஃபை எல்லாம் தாராளம். ஆட்சேபம் வந்தால் வரைந்தவர் நடுவர் முன் பதில் சொல்ல வேண்டும்.

கடைசியாக, 'படைப்புகள் கல்லூரிக்கே சொந்தம்' என்ற வரியை அடித்துவிடுங்கள். பெயரோடு காட்சிக்கு வைக்கிற உரிமை உங்களுக்குப் போதும். கையெழுத்தைக் கட்டத்துக்குள்ளேயே போடச் சொல்லுங்கள், ஓரத்தில் போட்டால் வெட்டிவிட்டுப் பகிர்வார்கள். லேயர் உள்ள மூலக் கோப்பின் ஒரு பிரதியை நூலகத்தில் வையுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த காகிதங்கள்தான் 1994-ல் சென்னையில் ஓர் ஆய்வு நூலகம் ஆயின. ஊருக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல.

எழுத்தளவும் ஓரமும் குறித்த டெம்ப்ளேட்டை நாங்களே செய்து தருகிறோம். சுற்றறிக்கை அச்சுக்குப் போகும் முன் ஒரு வாரம் அவகாசம் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டார வெப்காமிக் வரைவோர்