செங்கல் ஒத்தடத்துக்கு முன் சர்க்கரை பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் இதழின் கை வைத்தியப் பக்கத்தில் குதிகால் முள்ளுக்கு எருக்கிலை ஒத்தடம் சொல்லியிருந்தீர்கள். செங்கல்லை அடுப்பில் சுட வைத்து, அதன் மேல் பழுத்த எருக்கிலைகளைப் பரப்பி, குதிகாலை வைத்து அழுத்தினால் வளர்ந்த எலும்பு கரைந்துவிடும் என்று இருந்தது. எங்கள் ஜீப்பில் வரும் நான்கு பேர் அந்தப் பக்கத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். ஒருத்தி கிழித்து மடியில் முடிந்துகொண்டாள். அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் தேனி மாவட்டம் கூடலூர்க்காரி. 22 வருஷமாக ஏலத்தோட்ட வேலை. விடியும் முன்னே சோற்றுத் தூக்கோடு ஜீப் ஏறினால் லோயர்கேம்ப், குமுளி தாண்டி கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கம் போய் இறங்குவோம். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் உச்சியில் இருக்காது. தூரிலிருந்து தரையோடு தரையாக ஓடும் சரத்தில்தான் காய்க்கும். ஈரச் சரிவில் குனிந்தும் குத்தவைத்தும் நாள் முழுக்க எடுக்க வேண்டும். வழுக்காமல் இருக்கக் குதிகாலை ஊன்றி ஊன்றித்தான் நிற்போம், அதுவும் தேய்ந்த ரப்பர் செருப்போடு. எங்கள் கூட்டத்தில் நாற்பதைத் தாண்டியவர்களில் குதிகால் வலி இல்லாதவளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கூட வேலை செய்யும் மலையாளச் சேச்சிமார் அதை உப்பூற்றி வேதனை என்பார்கள்.

மதியம் சோற்றுக்கு உட்கார்ந்தால் பேச்சு தானாக வைத்தியத்துக்கு வந்துவிடும். நாங்கள் முடக்கத்தான் என்போம், அவர்கள் அதையே உழிஞ்ஞை என்பார்கள். நாங்கள் பிரண்டைத் துவையல் சொன்னால் அவர்கள் முறிவெண்ணெய் சொல்வார்கள். இந்த மருந்துகளை நான் குறை சொல்ல வரவில்லை. இன்றைக்கும் என் வீட்டு அலமாரியில் ஒரு பாட்டில் தைலம் இருக்கிறது.

என் அம்மாவும் தோட்டத்தில் உழைத்தவள். 2022-இல் அவளுக்கு 63 வயது. காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். யாரோ சொன்னார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே எருக்கிலை பறித்து வந்தேன். விறகடுப்பில் செங்கல்லைச் சுட வைத்து வாசலில் இறக்கினேன். ஆறேழு இலை போட்டதும் சுர்ரென்று ஆவி எழுந்தது, பச்சை வாடை தெருவரைக்கும் அடித்தது. அம்மா முக்காலியில் உட்கார்ந்து இடது குதிகாலை வைத்து அழுத்தினாள். "சூடே ஒறைக்கலடி, இன்னும் கொஞ்ச நேரம் அடுப்புல போடு" என்றாள். நானும் எடுத்து மறுபடி அடுப்பில் போட்டேன். இரண்டாவது முறையும் "இதமாத்தான் இருக்கு" என்றாள். இலை சுருண்டு கறுத்துப்போயிருந்தது. எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் குதிகாலில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். நான்காம் நாள் அது உடைந்து புண்ணாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. டாக்டர் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் அங்கங்கே வைத்து அழுத்தினார். தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். குதிகாலில் மூன்று இடத்தில் அழுத்தியும் அம்மா வாயே திறக்கவில்லை. இன்னும் தொடவில்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். பல வருஷம் கவனிக்காத சர்க்கரை நரம்பைக் கெடுத்து, பாதம் சூட்டை உணராமல் போயிருந்தது. அந்தப் புண் ஆற ஐந்து மாதமானது. காலையே எடுக்க வேண்டி வருமோ என்று நாங்கள் பயந்த நாட்களும் அதில் உண்டு.

உங்கள் குறிப்பில் 'சர்க்கரை உள்ளவர்கள் செய்யக்கூடாது' என்று ஒரு வரி கூட இல்லை. எருக்கம்பாலைப் பற்றியும் இல்லை. இலையைக் கிள்ளும்போது காம்பில் வடியும் பால் கண்ணில் பட்டால் கருவிழியையே கெடுத்துவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைக் கசக்கக்கூடாது, பக்கத்தில் குழந்தைகளை விடக்கூடாது. இதை எங்கள் பாட்டிமார் சொல்லித்தான் இலை பறிக்க அனுப்புவார்கள். அச்சில் வரும்போது மட்டும் எப்படியோ விடுபட்டுப்போகிறது.

அப்புறம் இந்த 'எலும்பு கரையும்' என்ற பேச்சு. எனக்கே போன வருஷம் இடது குதிகால் பிடித்துக்கொண்டது. அம்மா பட்டதைப் பார்த்திருந்ததால் நேராகப் போய் சர்க்கரை பார்த்து, எக்ஸ்ரேயும் எடுத்தேன். டாக்டர் இரண்டு காலுக்கும் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்து அசந்துவிட்டேன். பெரிய முள் இருந்தது வலிக்காத வலது குதிகாலில்! வலிக்கிற இடது காலில் சின்னதாகத்தான் இருந்தது. அவர் விளக்கியது இதுதான். குதிகால் எலும்பிலிருந்து விரல்வரை பாதத்தின் அடியில் ஒரு தடித்த சவ்வு வார் மாதிரி ஓடுகிறது. நாள் முழுக்க நின்று, சரிவில் ஏறி இறங்கி, அது எலும்போடு ஒட்டும் இடத்தில் நைந்துபோகிறது. ராத்திரி படுத்திருக்கும்போது அது இறுகிக் கிடக்கும். காலையில் முதல் அடி வைத்ததும் வெடுக்கென்று இழுபடும். வலிப்பது பெரும்பாலும் அந்த இடம்தான். வருஷக்கணக்கில் இழுபட்ட எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக முனை நீட்டி வளர்வதைத்தான் முள் என்கிறோம். முள் இருந்தும் வலியே இல்லாமல் நடக்கிறவர்கள் நிறைய. முட்டியிலும் கழுத்திலும் வளரும் முள் வேறு கதை, அது மூட்டுத் தேய்மானத்தோடு வருவது.

மேலே வைக்கிற இலையோ, உள்ளே குடிக்கிற கஷாயமோ வளர்ந்த எலும்பைக் கரைக்காது. கரைக்காமலே வலி போகும் என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டிய நல்ல சேதி. அதை ஏன் யாரும் அச்சிடுவதில்லை?

கரையும் என்று நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு என்னோடு காய் எடுக்கும் ஒரு அக்காவைச் சொல்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் எலும்பு முள்ளைக் கரைக்கும் மூலிகைப் பொடி என்று வாங்கினார். ஒரு மண்டலம், 48 நாள் சாப்பிட வேண்டுமாம். டப்பாவில் தயாரித்தவர் பெயர் இல்லை, உரிம எண் இல்லை, தேதி இல்லை. மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது, எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். இரண்டு டப்பா முடிவதற்குள் முகம் பூரித்து, பௌர்ணமி நிலா மாதிரி ஆகிவிட்டது. கூடவே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறியிருந்தன. ஆஸ்பத்திரியில் டாக்டர் முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன பொடி சாப்பிட்டீங்க?" என்பதுதான். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலப்பது பல இடங்களில் பிடிபட்ட விஷயம் என்றார். அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்தாம். அக்காவுக்கு அதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தினார்கள். சித்த, ஆயுர்வேத மருந்துக்கும் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி எல்லாம் டப்பாவில் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எதுவும் எழுதாத டப்பாவை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சரி, எனக்கு எது கேட்டது? காலையில் பாயை விட்டு இறங்கும் முன்பே, காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி விரல் பக்கத்தை என் பக்கமாக இழுத்துப் பிடிப்பேன். முப்பது எண்ணும்வரை, மூன்று தடவை. அப்புறம் சுவரில் கையை ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் கெண்டைக்காலை இழுக்கும் பயிற்சி. சாயங்காலம் வந்ததும் தண்ணீர் பாட்டிலை ஐஸாக உறைய வைத்து, துணி சுற்றிப் பாதத்துக்கு அடியில் போட்டு உருட்டுவேன். பாதம் மரத்துப்போனவர்களுக்கு ஐஸும் ஆகாது, நெருப்பு மாதிரியே அதுவும் புண்ணாக்கிவிடும். தேய்ந்த செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு வாங்கினேன். வீட்டுக்குள்ளும் சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நடப்பதில்லை. மருத்துவர் சொன்னபடி உடம்பு எடையும் நான்கு கிலோ குறைத்தேன்.

இதோடு ராத்திரியில் நொச்சி இலையைக் கொதிக்க வைத்து, கை பொறுக்கும் சூட்டில் துணியை முக்கி ஒத்தடம் கொடுத்து, தைலம் தேய்ப்பேன். அது எனக்கு நிஜமாகவே இதம் தந்தது, இதமான தூக்கமும் வந்தது. முடக்கத்தான் ரசம், பிரண்டைத் துவையல் இரண்டும் எங்கள் வீட்டில் சாப்பாடு. பிடித்தால் சாப்பிடட்டும், பிரண்டையை நன்றாக வதக்காவிட்டால் நாக்கு அரிக்கும். ஆனால் சந்தையில் விற்கும் மஞ்சள் கிழங்குக் கேப்சூல், மூலிகை மாத்திரை எல்லாம் வேறு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடக்கூடாது. என் வலி முழுதாகப் போக ஏழு மாதம் பிடித்தது. ஏழு நாளில் போகும் என்று எழுதுவது எளிது, ஆனால் எட்டாம் நாள் அதைப் படித்து நம்பியவள் அந்தப் பொடிக் கடைக்குப் போய் நிற்பாள்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். கை வைத்தியப் பக்கத்தை நிறுத்த வேண்டாம். எங்களைப் போல ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் உட்கார முடியாதவர்களுக்கு அது வேண்டும். ஆனால் அச்சுக்குப் போகும் முன் அரசு மருத்துவமனை சித்த மருத்துவப் பிரிவில் இருக்கும் படித்த மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். யார் செய்யக்கூடாது என்பதைக் குறிப்பின் முதல் வரியாகப் போடுங்கள், அடியில் பொடி எழுத்தில் வேண்டாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்க்கிறார்கள். நாங்கள் ஆறு மணிக்கே ஜீப் ஏறிவிடுவதால் எங்கள் கதவு பூட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் தெருப் பக்கமும் வந்தால் நல்லது என்று அதையும் எழுதுங்கள்.

சென்ற வாரக் குறிப்புக்கு ஒரு திருத்தம் அடுத்த இதழிலேயே வர வேண்டும். மடியில் முடிந்துகொண்ட அந்தப் பெண்ணிடம் நான் சொல்லிவிட்டேன். வேறு ஜீப்களில் போகிறவர்களிடம் என்னால் போய்ச் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
ஏலத்தோட்டத் தொழிலாளி,
கூடலூர், தேனி மாவட்டம்.